பெண்ணை எதில் சேர்க்கப் போகிறீர்கள்?

ப்ளஸ் டூ பரீட்சை முடிவு வந்த மறுநாள் காலை, எதிர் வீட்டு மாமி அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டது போட்டபடி எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். பெண் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாளே, சர்க்கரை கொண்டு வருகிறாளாக்கும் என்று நினைத்தேன். இல்லை. கையும் வெறுங்கை, முகமும் வாட்டம்.

"கணக்கில் 94, பிஸிக்ஸில் 97, கெமிஸ்ட்ரியில் 93. இத்தனையும் வாங்கிவிட்டு, எஞ்ஜினீயரிங் வேண்டாம், பி.எஸ்ஸி. பிஸிக்ஸ்தான் படிப்பேன் என்று உட்கார்ந்திருக்கிறாள். அவர் சாப்பிடாமலே ஆபீசுக்குப் போய்விட்டார். அவளுடைய பெரிய மாமா போன் செய்து, கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்று காதைத் துளைக்கிறார். நீங்கள் வந்து அவளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கோ!"

பெண்ணுக்கு நாலு வார்த்தை சொல்வது இருக்கட்டும். அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது நாற்பது வார்த்தை இருந்தது. அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். ஸயன்ஸ் படித்த பெண்ணோ பிள்ளையோ உங்கள் வீட்டிலும் இருக்கலாம். பதினோராம் வகுப்புக்குப் போகப் போகிற குழந்தை இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்றால், பட்டப் படிப்பைப் பற்றிய பாதித் தீர்மானம் அந்தப் பதினோராம் வகுப்பிலேயே, நமக்குத் தெரியாமலே, நடந்து முடிந்துவிடுகிறது.

"கணக்கு வராது" என்று ஒரு குழந்தை அழுகிறது. "சரி, கணக்கு இல்லாத குரூப்பில் சேர்த்துவிடலாம்" என்கிறோம். அன்றைக்கு வீட்டில் நிம்மதி. ஆனால் அந்தக் கையெழுத்தோடு எஞ்ஜினீயரிங், பி.எஸ்ஸி. கணிதம், பெரும்பாலான காலேஜ்களில் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் ஆகிய கதவுகள் சாத்திக் கொள்கின்றன. அதே மாதிரி, உயிரியலை விட்டுவிட்டுக் கணக்கும் கம்ப்யூட்டரும் எடுத்துக் கொண்ட குழந்தைக்கு டாக்டர், கால்நடை டாக்டர், நர்ஸ் ஆகிய வழிகள் அடைபடுகின்றன. எந்தக் கதவையும் சாத்தக் கூடாது என்று சொல்லவில்லை. எது சாத்துகிறது என்று தெரிந்து சாத்துங்கள் என்கிறேன். குழந்தைக்குக் கணக்கே வரவில்லையா, அல்லது அந்த வருஷத்து வாத்தியாரின் கணக்குதான் வரவில்லையா என்று ஒரு வாரம் கூட உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மாமியின் பெண் விஷயத்தில் அந்தக் கவலை இல்லை. கணக்கு 94 அப்படியே. பிஸிக்ஸிலும் கெமிஸ்ட்ரியிலும் பாதிப் பாதி. ஆகக் கூடி 200-க்கு 189. எஞ்ஜினீயரிங் கலந்தாய்வுக்குக் கேவலமான எண் அல்ல. மாமாவுக்கு வாயில் ஜலம் ஊறுவதில் ஆச்சரியமில்லை.

"பிஸிக்ஸ் படித்தால் டீச்சர் உத்தியோகம்தானே?" என்று கேட்டாள் மாமி. டீச்சர் உத்தியோகத்துக்கு என்ன குறைச்சல் என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் டீச்சராவதற்கே எந்தப் பட்டமானாலும் போதும் என்று நினைக்கிறோமே, அதுதான் எனக்குச் சொந்த அனுபவமான வயிற்றெரிச்சல்.

என் அக்கா பெண் ஒருத்தி பி.எஸ்ஸி. படித்தாள். பட்டத்தின் பெயர் ஒரு முழத்துக்கு இருந்தது. புதுப் படிப்பு, எதிர்காலம் பிரமாதம் என்று காலேஜில் வழவழப்பான காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். நாங்களும் வாயைப் பிளந்து கொண்டு பணம் கட்டினோம். மூன்று வருஷமும் முதல் வகுப்பு. பி.எட். சேரலாம் என்று போனபோது, "இந்தப் பட்டம் பள்ளிக்கூடப் பாடத்துக்கு இணையானது என்பதற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள்" என்றார்கள். காலேஜில் கேட்டால் சர்வகலாசாலைக்குப் போகச் சொன்னார்கள். சர்வகலாசாலையில் வேறு ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். எட்டு மாதம் செருப்புத் தேய்ந்தது. கடைசியில் அவள் அந்த ஆசையையே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனாள். பாடத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை பெயரில்.

எந்தப் பட்டம் எந்தப் பட்டத்துக்கு இணை, எது இணையல்ல என்று நம் அரசாங்கம் அவ்வப்போது ஆணைகள் போடுகிறது. ஆகவே புதுப் பெயருள்ள படிப்பில் சேர்க்குமுன் மூன்று விஷயங்களைக் காலேஜில் கூச்சப்படாமல் கேளுங்கள். மூன்று வருஷப் பாடத்திட்டத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். இதை முடித்தவள் எந்தெந்த எம்.எஸ்ஸி.யில் சேர முடியும் என்று கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி ஆய்வுக்கூடத்தில் நிற்பாள் என்று கேளுங்கள். புடவைக் கடையில் சாயம் போகுமா என்று மூன்று தடவை கேட்கிற நாம், இதைக் கேட்க மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

பட்டம் என்கிற காகிதத்தின் மகிமை எப்பேர்ப்பட்டது என்று மாமிக்கு விளங்க, அன்னா மாணியின் கதையைச் சொன்னேன். 1918-ல் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டு வழக்கப்படி வைரத் தோடு வாங்கித் தர இருந்தார்கள். "தோடு வேண்டாம், பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள்" என்றதாம் குழந்தை! சென்னையில் படித்து 1939-ல் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் பட்டம் வாங்கினார். பிறகு பெங்களூரில் ஸர் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வேடிக்கையைப் பாருங்கள், அங்கே அவர் ஆராய்ந்தது வைரங்களை! காதில் போட்டுக் கொள்ள மறுத்ததைக் கருவிக்கு முன்னால் வைத்து, அதில் ஒளி எப்படி நடந்து கொள்கிறது என்று பார்த்தார். தாமே தனியாக ஐந்து கட்டுரைகள் எழுதினார். 1945-ல் டாக்டர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சென்னை சர்வகலாசாலைக்கு அனுப்பினார்.

பட்டம் கிடைக்கவில்லை. ஆராய்ச்சியில் பிழையா? இல்லை. அவரிடம் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆய்வேடு அப்படியே பெங்களூரில் ஒரு நூலகத்தில் தங்கிவிட்டது.

"அடப் பாவமே!" என்றாள் மாமி. "அப்புறம்?"

அப்புறம் அவர் உபகாரச் சம்பளத்தில் லண்டனுக்குப் போய், மழை, காற்று, வெயில் இவற்றை அளக்கும் கருவிகளைப் பற்றிக் கற்றுக் கொண்டார். 1948-ல் திரும்பி வந்து புனாவில் வானிலை இலாகாவில் சேர்ந்தார். அதுவரை அந்தக் கருவிகளைச் சீமையிலிருந்து வரவழைத்துக் கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, இங்கேயே செய்ய வழி பண்ணினார். 1976-ல் ஓய்வு பெற்றபோது அந்த இலாகாவில் டெபுடி டைரக்டர் ஜெனரல். டாக்டர் பட்டம் மட்டும் கடைசிவரை இல்லை. 2001-ல் காலமானார்.

விதிகள் மாறிக் கொண்டே இருக்கின்றன. 2022-ல் யு.ஜி.சி. போட்ட விதிப்படி, நான்கு வருஷப் பட்டப் படிப்பில் 75 சதவிகித மார்க் வாங்கியவர்கள் எம்.எஸ்ஸி. இல்லாமலே பிஎச்.டி.க்கு மனுப் போடலாம். ஆனால் நம் ஊர்க் காலேஜ்களில் பெரும்பாலும் பி.எஸ்ஸி. மூன்று வருஷம்தான். ஆகவே சேருகிற படிப்பு மூன்று வருஷமா, நாலா என்பதையும் விசாரித்துக் கொள்ளுங்கள். அதே 2022-ல் வானிலை இலாகாவுக்கு 990 உதவியாளர்களை எடுக்கப் பரீட்சை வைத்தார்கள். பிஸிக்ஸ் படித்த பி.எஸ்ஸி. பட்டதாரிகள் அதற்கு எழுதலாம். ஆனால் ப்ளஸ் டூவில் பிஸிக்ஸோடு கணக்கும் படித்திருக்க வேண்டும். பார்த்தீர்களா, பதினோராம் வகுப்புக் கையெழுத்து எங்கே வந்து நிற்கிறது!

நம் ஊரில் ஸயன்ஸ் என்றால் டாக்டர் இல்லாவிட்டால் எஞ்ஜினீயர் என்று இரண்டே வண்டி ஓடுவதாக நினைப்பு. டாக்டருக்கு நீட் பரீட்சை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். வேளாண்மை, நர்ஸிங், மருந்தியல் ஆகியவற்றில் ப்ளஸ் டூ மார்க்கைக் கொண்டே நம் மாநிலத்தில் இடம் தருகிறார்கள் என்பது பல தாய்மார்களுக்குத் தெரியாது. ஆராய்ச்சியில் நாட்டமுள்ள குழந்தைகளுக்காக ஐசர் என்ற கல்வி நிலையங்கள் இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும். ஐந்தே வருஷத்தில் இரண்டு பட்டமும் சேர்ந்து வரும். கணக்கிலே உயிரை விடும் குழந்தைக்குச் சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம் இருக்கிறது. ஆனால் ஒன்று: இந்த இடங்களுக்கெல்லாம் தனி நுழைவுப் பரீட்சை, மனுப் போடும் தேதி பெரும்பாலும் ப்ளஸ் டூ முடிவு வருமுன்பே கடந்துவிடுகிறது. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இந்த வருஷம் அந்த வண்டி போய்விட்டது. அதனால் குடி முழுகவில்லை. சாதாரணக் காலேஜில் பி.எஸ்ஸி. முடித்தவர்களும் 'ஜாம்' என்ற பரீட்சை எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேரலாம்.

இன்னொரு எச்சரிக்கை. எஞ்ஜினீயரிங் கலந்தாய்வு முடியட்டும், அப்புறம் பி.எஸ்ஸி.யைப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அது முடிவதற்குள் நல்ல காலேஜ்களில் பி.எஸ்ஸி. இடமெல்லாம் பறந்து போயிருக்கும். இரண்டுக்கும் மனுப் போட்டு வையுங்கள். கலந்தாய்வுக்குப் பட்டியல் எழுதும்போதும், கிடைக்குமோ கிடைக்காதோ என்று தயங்காமல், மனசுக்குப் பிடித்ததை முதலில் எழுதுங்கள்.

மாமியின் பயத்தை நான் பரிகசிக்கவில்லை. ஸயன்ஸ் நீண்ட வழி. பி.எஸ்ஸி. மூன்று, எம்.எஸ்ஸி. இரண்டு, பிஎச்.டி. என்றால் அதற்குமேல் ஐந்தாறு வருஷம். அதுவரை சொந்த பந்தமெல்லாம் "பெண் இன்னுமா படிக்கிறாள்?" என்று கேட்கும். நாலாவது வருஷ முடிவில் சம்பளம் வந்தால்தான் அடுத்த குழந்தைக்குக் காலேஜ் பணம் கட்ட முடியும் என்ற நிலையிலுள்ள குடும்பம் எஞ்ஜினீயரிங்கைத் தேர்ந்தெடுத்தால், அதைத் தவறு என்று சொல்ல நான் யார்? அந்தக் கணக்கைப் பெண்ணையும் உட்கார வைத்துக் கொண்டு போடுங்கள். ரகசியமாகப் போட்டு, முடிவை மட்டும் அவள் தலையில் இறக்குவதுதான் தப்பு.

விஞ்ஞானி சந்திரசேகர் பையனாக இருந்தபோது அவருக்குக் கணிதத்தில் மோகம். தகப்பனாருக்கோ மகன் ஐ.சி.எஸ். ஆக வேண்டும் என்று ஆசை. உனக்குப் பிடித்ததைச் செய் என்று மகன் பக்கம் நின்றவர் தாயார் சீதாலக்ஷ்மி. நார்வே தேசத்து இப்ஸனுடைய நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்த அம்மாள்! பையன் மாநிலக் கல்லூரியில் பிஸிக்ஸ் ஆனர்ஸ் படித்து 1930-ல் தேறினான். 1983-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதைப் பார்க்கத் தாயார் இல்லை, 1931-லேயே போய்விட்டார்.

இவ்வளவும் பேசிவிட்டு மாமியோடு எதிர் வீட்டுக்குப் போனேன். பெண் மொட்டை மாடியில் இருந்தாள். "பிஸிக்ஸில் அப்படி என்னடி அம்மா இருக்கிறது உனக்கு?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். மூன்று வருஷமாக, தேதிவாரியாக, எங்கள் தெருவில் பெய்த மழையின் அளவு! ஓர் ஓரத்தில் செங்கல்லுக்கு நடுவே, அடிக்கோல் ஒட்டிய கண்ணாடி ஜாடி ஒன்று நின்றது.

"என் ஊறுகாய் ஜாடி!" என்று கத்தினாள் மாமி. "வேலைக்காரியை அல்லவா சந்தேகப்பட்டேன்!"

நோட்டைப் புரட்டிக் கொண்டே வந்தவள் 2023 டிசம்பர் 4-ஆம் தேதியில் நின்றாள். மிக்ஜாம் புயல் சென்னையை மிதக்கவிட்ட நாள். அந்த வரியில் எண்ணுக்குப் பதிலாக, "ஜாடி நிரம்பி வழிந்துவிட்டது. அளவு தெரியாது" என்று எழுதியிருந்தது.

மாமி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு, "பெரிய ஜாடி ஒன்று பரணில் இருக்கிறதே, கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா?" என்றாள்.

கீழே தோசைக்கல் தீய்ந்து கொண்டிருந்தது.