வழிகாட்டிய வேடன்

காஞ்சீபுரத்தை அடுத்த செவிலிமேட்டில் சாலைக் கிணறு இருக்கிறது. காட்டில் வழி தவறிய ராமானுஜரை ஒரு வேடனும் அவன் மனைவியும் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். தாகத்துக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்து, மறைந்துவிட்டார்கள். வந்தவர்கள் வரதராஜரும் பெருந்தேவித் தாயாருமே என்பது ஐதிகம்.

வேட்டைக்காரன் வேடத்தில் வந்தவர் செய்தது என்ன? ஓர் உயிரைக் காத்தார்!

அமெரிக்காவில் ‘எல்க்’ என்னும் பெரிய மானை வில்லால் வேட்டையாட அனுமதிச் சீட்டு கொடுக்கிறார்கள். அதற்கும் காலம் உண்டு, கணக்கு உண்டு.

இந்தியாவில் அதன் இனமான கடமானை வேட்டையாடக் கூடாது. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. மீறினால் சிறை. ஆனாலும் திருட்டு வேட்டை நடக்கிறது. காரணம், மான்கறிக்கு ஆசைப்படும் நாக்கு! வாங்க ஆள் இல்லாவிட்டால் கொல்ல ஆள் ஏது?

மான்கறி வீடு தேடி வந்தாலும் “வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். அதுதான் வீரம்.