180 வெள்ளி டப்பாவும் வயிற்றுக் கிருமிகளும்

கெடாவில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டுக்காரருக்கு வயது 46. இனிப்பு நீர் இருக்கிறது. வயிறு எந்நேரமும் உப்பிசம், உடம்பு அசதி. போன தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், "உன் குடலில் நல்ல கிருமிகள் செத்துவிட்டன, அதனால்தான் உடம்பு முழுக்க உள்வீக்கம். இந்தத் தூளைக் கரைத்துக் குடி. மூன்று மாதத்தில் கிளினிக் மாத்திரையையே தூக்கிப் போட்டுவிடலாம்" என்று சொல்லி ஒரு டப்பாவைக் காட்டியிருக்கிறார். விலை 180 வெள்ளி. மாதம் ஒரு டப்பா வேண்டுமாம். "சின்னவனின் பள்ளி பஸ் காசு இரண்டு மாதம் பாக்கி நிற்கிறது. இருந்தாலும் இவர் உடம்புதானே முக்கியம். வாங்கட்டுமா ஐயா?" என்று கேட்கிறார்.

வாங்க வேண்டாம் அம்மா. பஸ் காசைக் கட்டுங்கள். கிளினிக் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

ஆனால் அந்தச் சொந்தக்காரர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. பாதி உண்மை இருப்பதால்தான் டப்பா விலை போகிறது. அந்தப் பாதி என்ன என்பதை நம் வாசகர்கள் எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது.

பால்வெட்டுக் கத்தி கையில் பட்டுவிட்டால் என்ன ஆகிறது? அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் எழுதி வைத்தார். இதற்கு அழற்சி என்று பெயர். உடம்பின் காவல்காரர்கள் ஓடி வந்து கிருமியோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று பொருள். காயம் ஆறியதும் அவர்கள் கலைந்து போக வேண்டும். சிலர் உடம்பில் இவர்கள் கலைவதே இல்லை. வெளியில் வீக்கம் தெரியாது, வலியும் இருக்காது. ஆண்டுக் கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். இந்தப் புகைச்சல் இரத்தக் குழாயைக் கெடுக்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. இனிப்பு நீருக்கும் மாரடைப்புக்கும் இதுவும் ஒரு கை கொடுக்கிறது.

இதற்கும் குடலுக்கும் என்ன உறவு?

கிருமி என்றாலே நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும்தான் நினைவுக்கு வரும். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்த காலத்தில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். கண்ட கிருமியைக் கொல், அவ்வளவுதான் பாடம். நம் உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் கணக்கிட்டார்கள். அநேகமாக எல்லாமே பெருங்குடலில்தான். எடை போட்டால் கால் கிலோவுக்கும் குறைவுதான். பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்வதில்லை. நாம் போடும் மிச்சத்தைத் தின்றுவிட்டு வேலையும் செய்கின்றன.

மிச்சம் என்பது நார்ச்சத்து. கீரைத் தண்டு, பயற்றின் தோல், தவிடு இவற்றில் உள்ள நாரை நம்மால் செரிக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றில் ஒன்று பியூட்டிரேட். (கெட்டுப்போன வெண்ணெயின் வாடைக்கு இந்த வகை அமிலந்தான் காரணம். வாடையைப் பார்த்துக் குறைவாக எடை போட வேண்டாம்!) பெருங்குடலின் உட்சுவர் தனக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியை இதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அதோடு, காவல்காரர்களை அமைதிப்படுத்தும் செல்களையும் இது பெருக்குகிறது என்று 2013இல் எலிகளில் கண்டறிந்தார்கள்.

நார் வராவிட்டால் அந்தப் பாக்டீரியாக்கள் பட்டினி கிடக்குமா? கிடக்காது. குடல் சுவரின் மேல் வழவழப்பாக ஒரு சளிப்படலம் இருக்கிறது, சிலவகைப் பாக்டீரியாக்கள் அதையே தின்னத் தொடங்கிவிடும். இதையும் 2016இல் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். வேலி மெலிந்தால் ஆடு உள்ளே வரும். பாக்டீரியாவின் மேல்தோல் துணுக்குகள் இரத்தத்தில் கசிய, காவல்காரர்கள் கூச்சல் போட, புகைச்சல் ஆரம்பமாகிறது. கொழுப்பை அதிகமாகத் தின்ற எலிகளின் இரத்தத்தில் இந்தத் துணுக்குகள் கூடின, சர்க்கரையும் கட்டுக்கடங்காமல் போனது என்று 2007இல் ஓர் ஆய்வு வந்தது.

எலியை விடுங்கள், மனிதர் கதையைச் சொல்லுங்கள் என்பீர்கள். 2015இல் வெளிவந்த ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கறுப்பினத்தவர் 20 பேர், தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் கிராமத்து மக்கள் 20 பேர். இரண்டு கூட்டமும் ஒரே வம்சாவளி, உணவுதான் வேறு. பெருங்குடல் புற்றுநோய் அந்த அமெரிக்கர்களிடம் மிக அதிகம், அந்தக் கிராமத்தாரிடம் மிக அபூர்வம். டாக்டர் ஸ்டீவன் ஓகீஃப் என்பவரும் அவர் குழுவினரும் இவர்களின் சாப்பாட்டை இரண்டே வாரத்துக்கு மாற்றிப் போட்டார்கள். அமெரிக்கருக்குச் சோளமும் பயறும் பழமும், நாள் ஒன்றுக்கு 55 கிராம் நார். கிராமத்தாருக்குப் பர்கரும் பொரித்த உருளைக்கிழங்கும் இறைச்சியும், 12 கிராம் நார். முன்னும் பின்னும் குழாய் விட்டுக் குடலின் உட்சுவரைப் பார்த்தார்கள். அமெரிக்கரின் குடலில் அழற்சி குறைந்து, பியூட்டிரேட் இரண்டரை மடங்கு ஏறியிருந்தது. கிராமத்தாருக்கு அது பாதியாக இறங்கி, அழற்சி கூடியிருந்தது.

இரண்டே வாரம்! இதைப் படித்த அன்று எனக்கு நம் லயத்து வீடுகள்தான் கண்முன் நின்றன. கொல்லையில் முருங்கை, மரவள்ளி, கங்கோங், பாசிப்பயறு, கருவாட்டுக் குழம்பு என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். கொக்கிப்புழுவும் இரத்தச் சோகையும் பிள்ளைகளை வாட்டியதை இந்தக் கண்ணால் பார்த்தவன். ஆனால் தட்டில் நார் இருந்தது, நாள் முழுக்க உடல் உழைப்பும் இருந்தது. இன்று காலையில் ரொட்டி சானாய், டின்பால் ஊற்றிய தே தாரே. மதியம் மீ கோரெங். இரவில் பிள்ளைகள் அழுதால் பாக்கெட் மீ. நார் எங்கே? இந்நாட்டு மக்களில் இனிப்பு நீர் நம்மவரிடம்தான் அதிகம் என்று அரசாங்கக் கணக்கெடுப்பே சொல்கிறது. அதற்குக் காரணங்கள் பல. மாற்றக்கூடிய காரணம் சமையலறையில் ஒன்று இருக்கிறது.

டப்பாவுக்கு வருவோம். அதில் இருப்பது இரண்டு மூன்று வகைப் பாக்டீரியா. குடலில் இருப்பதோ நூற்றுக்கணக்கான வகை. வெளியிலிருந்து வருபவை பெரும்பாலும் தங்குவதில்லை, சில நாளில் கழிந்து போய்விடும். குடல் நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு இதைக் கொடுக்கலாம் என்று சொல்லச் சான்று போதாது என அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கமே 2020இல் எழுதிவிட்டது. இனிப்பு நீர் மாத்திரைக்குப் பதிலாக இதைக் குடிக்கச் சொல்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் கேட்க வேண்டாம்.

தயிரும் மோரும் ஆகுமா என்றால், ஆகும். 2021இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை வைத்துப் பார்த்தார்கள். தயிர் போன்ற புளித்த உணவைப் பத்து வாரம் சாப்பிட்டவர்களுக்கு இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 பொருள்கள் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் வீட்டில் உறை ஊற்றிய தயிருக்கு 180 வெள்ளி ஆகாதே. மோரில் சீனி போட வேண்டாம். இட்லி மாவும் புளித்ததுதான், ஆனால் வேகும்போது அந்தப் பாக்டீரியாக்கள் செத்துவிடும். தெம்பேயும் அப்படித்தான், இருந்தாலும் அதில் நாரும் புரதமும் இருப்பதால் நல்ல சாப்பாடு. ஊறுகாய் புளித்தது என்று அள்ளிப் போட்டுக்கொண்டால் உப்பு ஏறும், பிரஷர் உள்ளவர்கள் கவனம்.

சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கரண்டி பயறோ கடலையோ, ஒரு கைப்பிடி கீரையோ வையுங்கள். ஒரே நாளில் அதிகமாக்கினால் உப்பிசம் கூடும். வாரத்துக்கு வாரம் மெல்லக் கூட்டுங்கள், தண்ணீரும் குடியுங்கள். சளிக்கும் தடுமனுக்கும் பக்கத்து வீட்டு மிச்ச ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். தடுமனை அது தொடாது, குடலில் உள்ளவற்றைத்தான் கொல்லும்.

கடிதத்தில் கடைசி வரியாக, "சில நாள் மலத்தில் இரத்தம் தெரிகிறது, மூலமாக இருக்கும் என்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, அதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும். மூலமாகவும் இருக்கலாம், குடல் புண்ணாகவோ கட்டியாகவோகூட இருக்கலாம். தயிரும் கீரையும் அதற்கு மருந்தல்ல. இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டு அவரை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அங்கே சீட்டுக்கு ஒரு வெள்ளிதான். வெட்கப்பட்டு அவர் சொல்ல மறுத்தால், டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.