காயம் ஆறிய காலும் களமும்

ஒரு கழகமோ கல்லூரியோ புதிதாக ஓர் ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொண்டால், மறுவாரமே அவர் களமிறங்கி வெற்றி தேடித்தர வேண்டுமென எதிர்பார்ப்பது நம்மவர் இயல்பு. கட்டணச் சலுகை தந்தோமே, பின் எதற்காக அவரை வெளியே அமர்த்தியிருக்கிறீர்கள் என்று கேட்பாரும் உளர். அவ்வினா நியாயமானதன்று என்பதே நம் கருத்து.

சென்னையின் கால்பந்து அன்பர்கள் ஜேஜே லால்பெக்லுவாவை மறந்திருக்க மாட்டார்கள். சென்னையின் எஃப்.சி. 2015-இலும் 2018-இலும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றபோது அவ்வணியின் முன்கள வீரர் அவர். முழங்கால் காயத்தால் 2019-20 பருவம் முழுவதையும் இழந்த அவரை, 2020-இல் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் ஒப்பந்தம் செய்தது. அக்கழகமே அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில்தான் லீகில் சேர்ந்தது. நவம்பரில் போட்டி தொடங்கிவிட்டது. ஓராண்டுக்கு மேல் ஆடாத கால்களுக்குச் சில வாரப் பயிற்சி எம்மட்டு? பழைய ஜேஜேயை நாம் மீண்டும் காணவில்லை. 2023-இல், 32 வயதில் ஓய்வை அறிவித்தார். குறை அவருடையது என்று நாம் சொல்லத் துணியோம்.

வலி நின்றுவிட்டால் உடல் ஆயத்தமாகிவிட்டது என்று எண்ணுவதே பெரும்பிழை. மூச்சின் வலிமை இரண்டு மூன்று வார ஓய்விலேயே குறையத் தொடங்கும். தசை ஓரளவு விரைவில் தேறும்; மூட்டைப் பிணிக்கும் நாரோ மிக மெல்லத் தேறும். மூச்சும் தசையும் தேறியவன் தன்னை முழுமையாக நலமுற்றவனாகக் கருதி ஓடுகிறான், நார் அறுந்துவிடுகிறது. முழங்காலின் குறுக்குத் தசைநாருக்கு அறுவை செய்துகொண்டவர் குறைந்தது 9 மாதங்கள் போட்டிக்குத் திரும்பலாகாது என்பதும், காயம்பட்ட காலின் வலிமை மறுகாலினதில் 90 விழுக்காட்டையேனும் எட்ட வேண்டும் என்பதும் மருத்துவர் பலரும் கொண்ட அளவுகோல்கள். ஓர் ஆட்டத்தில் வீரர் ஓடும் 10 கிலோமீட்டருக்கு நேர் ஓட்டப் பயிற்சி மட்டும் போதாது. திடீரென நிற்பதும் திரும்புவதும் எதிராளியோடு மோதுவதும் படிப்படியாகப் பழக வேண்டியவை. போட்டியிலும் முதலில் இறுதி 15 நிமிடம், பின்னர் அரை ஆட்டம், அதன் பின்னரே முழு ஆட்டம்.

அண்டை மாவட்டமாகிய சேலத்துச் சின்னப்பம்பட்டியின் நடராஜன் கிரிக்கெட் வீரரேயாயினும் அவர் கதை இங்குப் பொருந்தும். 2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவை செய்துகொண்ட அவர், 2022 ஐ.பி.எல். பருவத்தில் 18 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவருக்குத் தேர்ந்த மருத்துவரும் பயிற்சியாளரும் வாய்த்தனர்.

நம் தருமபுரியில் நிலை வேறு. அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் வரும் மாணவன் கெட்டித்த செம்மண் தரையில் ஆடிப் பழகியவன். மூட்டு பிசகினால் எண்ணெய்க்கட்டு. வீக்கம் வற்றினால் மீண்டும் பந்து. வலியைச் சொன்னால் அணியில் இடம் போய்விடும், இடம் போனால் சலுகையும் போய்விடும் என்று அஞ்சி வாய்திறவாமல் ஆடுகிறான். அவன் படிப்பே அந்த முழங்காலில் தொங்குகிறது எனில் அச்சம் வியப்பன்று. பந்தயத்தில் வெல்லக் கருதும் நாமே அவ்வச்சத்தை வளர்க்கிறோம்.

செலவின்றிச் செய்யத்தக்கவை உள. ஃபிஃபா வகுத்த ‘11+’ எனும் 20 நிமிட ஆயத்தப் பயிற்சிக்குப் பந்தும் தரையும் போதும். முறையாகச் செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்தமை ஆய்வுகளில் தெளிந்த செய்தி. வேர்க்கடலையும் முட்டையும் கொள்ளும் நம் ஊரில் கிடைக்காதவை அல்ல. கோடை வெயிலில் ஓய்விலிருந்து திரும்புவோனுக்கு வெப்பம் பழகவே ஒன்றிரண்டு வாரம் வேண்டும். ஆதலின் பயிற்சியைக் காலை ஏழு மணிக்குள் முடிப்பது நன்று.

கல்லூரி நிர்வாகத்தாரிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவன் காயமுற்றால், அவ்வாண்டு அவன் ஓர் ஆட்டமும் ஆடாவிடினும் கட்டணச் சலுகை தொடரும் என்பதை, அவன் சேரும் நாளிலேயே எழுத்தில் தந்துவிடுங்கள்.