நோய் குடும்பத்திலா?

"மலையகத்துக் குடும்பம் சிதைந்துவிட்டது, அதற்கு உளவள ஆலோசனை தேவை" என்கிறார்கள் சில நல்ல மனிதர்கள். சிவனொளிபாத மலையின் அடிவாரத்து நல்லதண்ணி லயங்களைக் கண்டாலும் இதையே சொல்வார்கள். தாய் வளைகுடா நாட்டில் பிறர் பிள்ளையைத் தாலாட்டுகிறாள்; அவள் பிள்ளையோ வகுப்பில் வாய் திறப்பதில்லை. உடனே, "பொறுப்பற்ற தாய்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

சிதைத்தவர் யார் என்று கேட்க வேண்டாமா?

1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கினர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டனர். சொத்தைப் பிரிக்கும்போதுகூடப் பங்காளிகளைக் கேட்பதுண்டு. இங்கே பிரிக்கப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. அண்ணன் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனான். தங்கை இங்கே கொழுந்து பறித்தாள். அவர்களைச் சுமந்து சென்ற இரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. 1984இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது.

அன்று ஒப்பந்தம் பிரித்தது. இன்று கூலி பிரிக்கிறது. தோட்டத்துச் சம்பளத்தில் அடுப்பு எரியாதபோதுதான் தாய் விமானம் ஏறுகிறாள். 2013இல் அரசு 'குடும்பப் பின்னணி அறிக்கை' கேட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் போகலாகாது என்றது. 2022இல் டொலர் வறண்டதும் அந்த ஐந்து இரண்டாயிற்று! பிள்ளையின் ஏக்கமும் அந்நியச் செலாவணியோடு சேர்ந்தா குறைந்தது?

ஆலோசனை வேண்டாம் என்பதல்ல நம் வாதம். இலத்தீன் அமெரிக்கக் குடியேறிகளிடையே பணியாற்றிய உளவியலாளர் செலியா ஃபாலிகோவ், எல்லை கடந்து உறவு பேணும் குடும்பத்தையும் முழுக் குடும்பமாகவே காண வேண்டும் என்கிறார். அந்தப் பார்வை இங்கும் வேண்டும். தொலைபேசியில் பேசும் தாய்க்கு அந்த அறையில் ஓர் இருக்கை உண்டு. வளர்க்கும் பாட்டிக்கும் உண்டு. நீலகிரியிலிருக்கும் மாமனுக்கும் உண்டு. கடல் நடுவே கிடப்பதால் உறவு அறுந்துவிடுவதில்லை.

ஆசிரியத் தோழர்களே, மௌனமாயிருக்கும் மாணவனைப் பற்றிக் குறிப்பெழுதுமுன், அவன் வீட்டார் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள், ஏன் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த விடையைப் பெற்றோர் கூட்டத்தோடு நிறுத்தாமல், தொழிற்சங்க மேடைக்கும் கொண்டு செல்லுங்கள். வாழத்தக்க கூலியும் சொந்தக் காணியும் கேட்காத ஆலோசனை, காயத்தைக் கழுவிவிட்டுக் கத்தியை வெட்டியவன் கையிலேயே விட்டுவைப்பதாகும்.