கை வராதுன்னு யார் சொன்னது?

டிசைன் படிப்பில் சேர்ந்த முதல் செமஸ்டரில் வகுப்பில் அதிகம் காதில் விழும் வசனம் எது தெரியுமா? "எனக்கெல்லாம் கை வராதுடா" என்பதுதான். மூன்றாவது வாரத்திலேயே ஆரம்பித்துவிடுவார்கள். இதைச் சொல்கிறவர்கள் பிளஸ் டூ கணக்கில் சென்டம் வாங்கியவர்களாகவும் இருப்பார்கள். கால்குலஸ் உட்கார்ந்து படித்தால் வரும், ஆனால் ஒரு டம்ளரை வரைவது மட்டும் பிறக்கும்போதே வந்திருக்க வேண்டும். இது என்ன நியாயம்?

ஸ்கெட்ச்சிங்கும் டிராஃப்டிங்கும் ஒரு வருஷமாகக் கற்றுக்கொண்டிருக்கிற அனுபவத்தில் சொல்கிறேன். கை வராது என்பது சுத்தப் பொய். ஆனால் ஷீட் சுத்தமாக இருந்தால் மட்டும் மார்க் போடுகிற நம்ம வழக்கம் இருக்கிறதே, அது அந்தப் பொய்யை உண்மையாக்கிவிடுகிறது. சண்டைக்கு வருகிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள் :-)

முதலில் ஸ்கெட்ச்சிங். சித்திரம் என்பது பழக்கத்தால் வருவது என்று ஔவையார் எப்போதோ சொல்லிவிட்டார். அவரோடு மோதும் தைரியம் எனக்கில்லை. ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: கைக்கு முன்னால் பழக வேண்டியது கண்.

நம்பாதவர்கள் ஒரு எவர்சில்வர் டம்ளரை மேஜையில் வைத்து வரைந்து பாருங்கள். புதிதாக வரைகிற பெரும்பாலானவர்கள் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை நேர்கோடாக இழுத்து மூடிவிடுவார்கள். ஏன்? டம்ளர் மேஜையில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்று மூளைக்குத் தெரியும். கண் பார்ப்பது வேறு. நம் கண் டம்ளருக்கு மேலே இருப்பதால் அடியும் வளைவாகத்தான் தெரியும். அதிலும் கண் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வாய் ஒடுங்கின நீள்வட்டமாகவும், கீழே தள்ளியிருக்கிற அடி அதைவிட உருண்டும் தெரியும். இதை ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் அண்டாவானாலும் சரி, தண்ணீர்த் தொட்டியானாலும் சரி, அடியில் நேர்கோடு போட மனசே வராது. இதில் பிறவித் திறமை எங்கே வந்தது?

மற்றதெல்லாம் சின்னச் சின்ன வித்தைகள். கையை முழுசாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிடுவது. நீளமான கோட்டை மணிக்கட்டிலிருந்து இழுக்காமல் தோளிலிருந்து இழுப்பது. கோடு போடுவதற்கு முன் பேப்பரைத் தொடாமல் இரண்டு மூன்று தடவை கையை ஓட்டிப் பார்ப்பது. சைக்கிள் கற்றுக்கொள்வது மாதிரிதான். விழாமல் கற்றவர் யாருமில்லை.

நம்ம ஊர்ச் சிற்பிகளும் இதைத் திறமை என்று விட்டுவிடவில்லை. அளவு வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். தாளமானம் என்று ஒரு கணக்கு. உத்தம தசதாளத்தில் உருவத்தின் மொத்த உயரம் 124 பங்கு. முகத்துக்கு இவ்வளவு, கழுத்துக்கு இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருப்பதே, இதை வகுப்பில் உட்காரவைத்துக் கற்றுத்தரலாம் என்பதற்குச் சாட்சி.

அடுத்து டிராஃப்டிங். இதையும் ஸ்கெட்ச்சிங்கையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஸ்கெட்ச் என்பது நாம் நமக்கே பேசிக்கொள்வது. அதில் உளறலாம், அடிக்கலாம், திரும்பச் சொல்லலாம். டிராஃப்டிங் என்பது முன்பின் தெரியாத ஒரு பட்டறைக்காரருக்கு எழுதும் கடிதம். நாம் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல முடியாது. அதனால்தான் அதில் இத்தனை விதிகள். கண்ணுக்குத் தெரியும் விளிம்பு தடித்த கோடு, உள்ளே மறைந்திருப்பது விட்டுவிட்டு வரும் கோடு, மையக்கோடு நீளமும் குட்டையுமாக மாறி மாறி வரும் மெல்லிய கோடு. அளவைப் படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது, எழுதியிருக்கும் எண்ணைத்தான் படிக்க வேண்டும்.

இது ஏதோ சம்பிரதாயம் இல்லை. நாம் படிக்கும் முதல் கோண முறையில் மேலிருந்து பார்க்கும் படம், முன்பக்கப் படத்துக்குக் கீழே வரும். அமெரிக்காவில் வழங்கும் மூன்றாம் கோண முறையில் அது மேலே வரும். பக்கவாட்டுப் படங்களும் இடம் மாறும். எந்த முறை என்பதற்கான குறியீட்டைப் போட மறந்தால், இடப்பக்கம் போட வேண்டிய துளையை வலப்பக்கம் போட்டுவிடுவார்கள். தகடு வீண், கூலி வீண். இந்த மாதிரி படங்களுக்கு ஒழுங்கான கணிதம் அமைத்தவர் காஸ்பார் மோன்ஷ் என்ற பிரெஞ்சுக்காரர். கோட்டை கட்டும் வேலைக்குப் பயன்பட்டதால் கொஞ்ச காலம் அது ராணுவ ரகசியமாகவே இருந்ததாம். நாம் தூங்கி வழிந்துகொண்டே கேட்கும் பாடத்துக்கு இவ்வளவு மவுசு!

சரி, இனிதான் என் புகார். இவ்வளவு அர்த்தமுள்ள விஷயத்தை நாம் எப்படி மதிப்பிடுகிறோம்? ஷீட்டில் கறை இருக்கிறதா, எழுத்து ஒரே உயரமா, ரப்பர் தடம் தெரிகிறதா... இவைதான் முதலில் கண்ணில் படுகின்றன. படம் தப்பாக இருந்தாலும் பளிச்சென்று இருந்தால் தப்பித்துவிடலாம். விளைவு? ஹாஸ்டல் ரூமில் இரண்டு ஸ்டூலுக்கு நடுவே கண்ணாடி, கீழே பல்பு, மேலே சீனியரின் ஷீட், அதற்கும் மேலே நம் ஷீட். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இது ஏதோ ஒரு காலேஜின் கதை இல்லை. டிராயிங் ஷீட் இருக்கிற இடமெல்லாம் காலம்காலமாக நடப்பதுதான். ஷீட்டுக்குத்தான் மார்க் என்றால் ஷீட்தான் வரும், படிப்பு வராது.

இதைவிட மோசமானது இன்னொன்று. என் வகுப்புத் தோழி ஒருத்தி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்களை ரஃப் நோட்டில் வரைவாள். எந்தக் கை எங்கே பிடிக்கிறது, குட்டையானவர்கள் எதை எட்டுகிறார்கள் எல்லாம் அந்தக் கோணல் கோடுகளில் இருக்கும். ஒரு நல்ல கைப்பிடியை வடிவமைக்க அதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் அந்த நோட்டுக்கு மார்க் கிடையாது. ஷீட்டில் அவளுக்கு எப்போதும் கடைசி வரிசைதான். இப்போது "கையால் வரையத் தேவையில்லாத பக்கமாகப் போய்விடுகிறேன்" என்கிறாள். நஷ்டம் அவளுக்கா, பஸ்ஸில் போகிற நமக்கா?

"ஆட்டோகேட் வந்தது 1982-ல். இப்போது இரண்டு வரி எழுதினால் ஏஐ படமே கொடுத்துவிடுகிறது. இன்னும் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அழணுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கடைசி டிராயிங்கைக் கம்ப்யூட்டரில் போடுவதுதான் சரி. அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் ஏஐ கொடுத்த பளபளப்பான சொம்புப் படத்தில் கழுத்து விரல் பிடிக்கத் தோதாக இருக்கிறதா, சாய்த்தால் தண்ணீர் ஒழுங்காக விழுமா என்று யார் பார்ப்பது? இருபது சொம்பை உட்கார்ந்து வரைந்த கண்தான் பார்க்கும். சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், இங்கே பார்த்த பொருள்களிலேயே மிகச் சிறந்ததாகச் சொன்னது இந்தச் சொம்பைத்தான். எடை, பிடிமானம், கழுவும் வசதி என்று அவர்கள் அடுக்கிய கேள்விகளைப் பார்த்தால் பார்வை என்றால் என்னவென்று புரியும். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது.

குறை மட்டும் சொன்னால் போதாது. என் யோசனைகள் மூன்று:

1. முதல் வாரம் வரைந்த அதே பொருளைக் கடைசி வாரமும் வரையச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதற்கு மார்க்.

2. ரஃப் நோட்டுக்கும் மார்க். அடித்தல் திருத்தல் உள்ள பக்கத்துக்குக் கூடுதலாகவே கொடுக்கலாம்.

3. டிராஃப்டிங் ஷீட்டை இன்னொரு மாணவரிடம் கொடுத்து, வாயே திறக்காமல் அட்டையில் மாடல் செய்யச் சொல்லுங்கள். சரியாக வந்தால் ஷீட் பாஸ். கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். (கண்ணாடி, பல்பு எதுவும் இங்கே உதவாது!)

இதெல்லாம் நடக்கும்வரை, ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. தினம் இருபது நிமிஷம், விலை மலிவான பேப்பர், ரப்பரே இல்லாமல் பேனா. போட்ட பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். மூன்று மாசம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். மார்க் லிஸ்டில் வராத முன்னேற்றம் அதில் தெரியும்.

அதற்கப்புறமும் கை வரவில்லை என்றால் சொல்லுங்கள். டம்ளரோடு வருகிறேன், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.