ஆபரேஷனுக்குப் பிறகுதான் பெரிய வைத்தியம்

தென்னையிலிருந்து விழுந்தவர், சாரம் சரிந்து விழுந்தவர், பைக்கில் அடிபட்டவர். விழுப்புரம், கடலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இப்படி வருகிறவர்களுக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனைதான் பெரிய நம்பிக்கை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, "ஆபரேஷன் பண்ணினா நடந்துடுவாரா?"

ஆபரேஷனில் சரிசெய்வது எலும்பைத்தான். உடைந்த முதுகெலும்பை ஸ்க்ரூ, கம்பி வைத்து நிறுத்தலாம். தண்டுவடத்தை நெருக்கும் அழுத்தத்தை எடுக்கலாம். அறுபட்ட தண்டுவடத்தை மறுபடி வேலைசெய்ய வைக்கும் சிகிச்சை இன்று எந்த நாட்டு மருத்துவமனையிலும் இல்லை. ஆனால் எல்லா அடியும் முழு அடி அல்ல. ஆசனவாயைச் சுற்றிக் கொஞ்சம் தொடு உணர்வு மிஞ்சியிருந்தாலும் தேறும் வாய்ப்பு கூடுகிறது. டாக்டர் அங்கே குத்திப் பார்ப்பது அதற்காகத்தான்.

அந்த மிச்சத்தைத்தான் அவசரத்தில் தொலைத்துவிடுகிறோம். பதறி ஓடிவந்த நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைக்கிறார்கள். உடைந்த எலும்பு நகர்ந்து, தப்பித்திருந்த நரம்பையும் நசுக்கிவிடலாம். 108 ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை அசைக்காமல் இருப்பதே பேருதவி. நகர்த்தித்தான் ஆகவேண்டும் என்றால் தலை, கழுத்து, இடுப்பு ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி உருட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும்.

தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம். ஆனால் தென்னையிலிருந்து விழுந்தவர் அதில் வரமாட்டார். தண்டுவடக் காயத்துக்கு 48 மணி நேரம் வெறும் ஆரம்பம்தான்.

வீடு திரும்பிய பிறகு நோயாளியைக் கொல்வது பெரும்பாலும் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். உணர்ச்சி இல்லாத இடம் அழுந்தினால் வலிக்காது. பிட்டத்தில் தோல் சிவந்திருக்கும். பார்க்கத் தவறினால் சில நாளில் எலும்பு தெரியும் குழி. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதைக் கட்டாயமாக்கினார். சாவார்கள் என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்தார்கள். அடிபட்ட பிறகும் வாழ்ந்து காட்டியதற்கு நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுவாழ்வுத் துறையையும் அங்கே வளர்த்தெடுத்தார்.

புண்ணையும் தொற்றையும் தடுக்க விலையுயர்ந்த மெஷின் தேவையில்லை. சொல்லித்தர ஆள் வேண்டும். நான்கைந்து மணிக்கொரு தரம் சுத்தமான டியூபைச் செலுத்திச் சிறுநீரை எடுத்துவிட்டு, உடனே டியூபை உருவிவிடும் முறையை வீட்டில் உள்ளவர்களும் செய்யலாம். ஆனால் வார்டில் அதைக் கற்றுத்தர யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் முன், மனைவியோ மகனோ நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதையும் டியூப் போடுவதையும் நர்ஸ் முன்னால் ஒருமுறை செய்துகாட்ட வேண்டும். அதன் பிறகே கையெழுத்து என்று ஒவ்வொரு மருத்துவமனையும் விதி வைக்கட்டும்.