ஒரு ரப்பர் துண்டைத் தேடி

போன மாதம் மணப்பாடு பக்கத்திலிருந்து அத்தான் போன் பண்ணினார். "தம்பி, பம்பாயில கிடைக்காத சாமான் உண்டா? இந்த ரப்பரை மட்டும் பாத்து அனுப்பிவிடு."

அவர் ரப்பர் என்றது இம்பெல்லரை. வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற எஞ்சினின் அடியில் இருக்கும் சின்னச் சக்கரம். கடல் தண்ணீரை மேலே ஏற்றி எஞ்சினைக் குளிர வைப்பது இதுதான். இதழ்கள் விறைத்துப்போனால் தண்ணீர் ஏறாது. சூடாகி பிஸ்டன் பிடித்துக்கொண்டால் எஞ்சினையே தலைமுழுக வேண்டியதுதான்.

எஞ்சினுக்கு வயது இருபது தாண்டிவிட்டது. (கம்பெனி பெயர் வேண்டாமே.) விற்றவர்கள் "அந்த மாடல் நின்னு போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்றார்களாம். பி.காம். படித்தவன் கணக்குப்படி, வருடம் 15 சதவீதம் தேய்மானம் கழித்தால் 100 ரூபாய் எஞ்சின் 20 வருடத்தில் 4 ரூபாய்க்கும் கீழே. ஆனால் அந்த 4 ரூபாய் எஞ்சினில்தான் என் அக்கா பிள்ளைகள் இரண்டு பேரின் காலேஜ் ஃபீஸ் ஓடுகிறது. புதிது என்றால் மறுபடி கடன்.

இரண்டாம் சனிக்கிழமை, பேங்க் லீவு. செம்பூரில் ஹார்பர் லைன் பிடித்து ரே ரோடில் இறங்கி, தாருகானா போனேன். உடைத்த கப்பல்களின் சாமான்கள் குவிந்து கிடக்கும் இடம். என் தலை பருமனுக்கு நட்டு இருக்கிறது. வள்ளத்து எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. செல்லில் இருந்த போட்டோவைக் காட்டினால் சிரிக்கிறார்கள். "அளவு என்ன சாப்?"

அங்கிருந்தே அத்தானைக் கூப்பிட்டேன். மெக்கானிக்கிடம் வெர்னியர் வாங்கி வெளிவிட்டம், உயரம், இதழ்களின் எண்ணிக்கை, தண்டுத் துளை எல்லாம் அளந்து சொன்னார். கூடவே ஒரு பேரிங், ஒரு ஆயில் சீலும் கேட்டார்.

அடுத்து மஸ்ஜித் ஸ்டேஷன், நாக்தேவி தெரு. பேரிங்கும் சீலும் பத்தே நிமிடம்! 6204 என்று பொறித்திருந்தால் உள்ளே 20, வெளியே 47, தடிமன் 14 மில்லிமீட்டர். யார் செய்தாலும் அதே அளவுதான். சீலும் அளவு சொன்னால் போதும். இம்பெல்லருக்குத்தான் அந்தப் பொது எண் இல்லை. கம்பெனிக்கு ஒரு நம்பர், அதுவும் அவர்கள் புத்தகத்தில் மட்டும். நாலாவது கடையில் வேறொரு எஞ்சினுடையது அளவில் பொருந்தியது, நடுவில் சாவிக் குழி மட்டும் ஒத்துவரவில்லை. தாராவியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நம்ம திருநெல்வேலி அண்ணாச்சி பித்தளை நடுப்பகுதியில் குழியைச் சரியாக வெட்டிக் கொடுத்தார். ரப்பரை ஏன் நீங்களே வார்க்கக்கூடாது என்று கேட்டேன். "ஒண்ணுக்கு அச்சு போட்டா கட்டுபடியாகாது சார், நூறு கேளுங்க."

கம்பெனிகள் போவதும் வருவதும் சகஜம். எவின்ரூட், ஜான்சன் அவுட்போர்டுகளைச் செய்த அமெரிக்க ஓ.எம்.சி. 2000 டிசம்பரில் திவாலானது. எவின்ரூட்டை வாங்கி நடத்தியவர்களும் 2020ல் நிறுத்திவிட்டார்கள். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். போகிறவன் அளவுகளையாவது கொடுத்துவிட்டுப் போகலாம் இல்லையா?

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகள், செல்போன் வகையறா, வீட்டுச் சாமான்கள், வாகனங்கள் என நாலு துறைகளைச் சொன்னார்கள். டிராக்டர் வைத்திருப்பவரை நினைத்தார்கள், சந்தோஷம். வள்ளத்து எஞ்சின் பெயரைக் காணோம்.

எங்கள் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் கடன் விண்ணப்பத்தில் கொட்டேஷன், இன்சூரன்ஸ், ஜாமீன் என்று எல்லாம் பார்ப்போம். உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்று நானே ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பேரிங் எண், சீல் அளவு, இம்பெல்லர் அளவு எழுதிய ஒரே ஒரு தாளைக் கொட்டேஷனோடு வைக்கச் சொல்லலாம். கடன் தருகிறவன் கேட்டால் விற்கிறவன் தருவான். மானியம் தரும் அரசு கேட்டால் இன்னும் சீக்கிரம் தருவான்.

பார்சல் போய்ச் சேர்ந்தது. டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்தாராம், பக்கத்துத் துளையில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதாம். "இன்னும் ரெண்டு வாங்கி வச்சிரு தம்பி," என்றார். அந்தக் கடையில் இருந்தது அந்த ஒன்றுதான் என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.